டிக் இருக்கிறது, நிரல் எங்கே போனது?

கேள்வி:

வணக்கம் சார். நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். பி.காம். முடித்துப் பதினொரு வருடம் ஆகிறது. ராத்திரி வீட்டு வேலை முடிந்தபிறகு தம்பியின் லேப்டாப்பில், இலவசமாகக் கோடிங் சொல்லிக்கொடுக்கும் ஒரு தளத்தில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் முடித்துவிட்டு இப்போது ஜாவாஸ்கிரிப்ட் படிக்கிறேன். பஸ்ஸில் போகும்போது போனில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் என்று தொடர்வேன். தளத்தின் பயிற்சிப் பக்கத்திலேயே, லாரி டிரிப் கணக்குப் போடும் பக்கம் ஒன்றை மூன்று வாரமாக எழுதிவந்தேன். வாடகை, டீசல், டோல், டிரைவர் பேட்டா, அட்வான்ஸ் எல்லாம் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று காட்டும். பாதிக்கு மேல் வந்துவிட்டது. போன வாரம், லேப்டாப் மெதுவாக ஓடுகிறதென்று தம்பி அதை 'கிளீன்' செய்தான். மறுபடி லாகின் செய்து உள்ளே போனால், முடித்த பாடங்களில் டிக் எல்லாம் அப்படியே இருக்கிறது. நான் எழுதியது மட்டும் இல்லை. அதை மீட்க முடியுமா? பாதியில் நிற்கும் வேலையை எங்கே, எப்படிச் சேமிப்பது? தோழி ஒருத்தி, 'முதலில் கிட் (நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) கற்றுக்கொள், மற்றதெல்லாம் பிறகு' என்கிறாள். படிப்பை நிறுத்திவிட்டு அதைக் கற்க வேண்டுமா? தம்பியோடு நான்கு நாளாகப் பேச்சே இல்லை.

வாசகி, நாமக்கல்

பதில்:

அன்புள்ள சகோதரி,

தம்பியிடம் முதலில் பேசிவிடுங்கள். தான் எதை அழிக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நீங்கள் எழுதியது எங்கே இருந்தது என்று உங்களுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. கோடிங் சொல்லிக்கொடுப்பவர்கள் முதல் வாரத்திலேயே சொல்லவேண்டிய விஷயம் இது. புதிதாகப் படிக்க வருகிறவர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்விகளில் இந்த வகைக் கேள்விதான் அதிகம். நல்ல திறமையோடு ஆரம்பித்தவர்கள் இப்படி ஒரு முறை எல்லாம் போனதும் படிப்பையே விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் விடக்கூடாது என்பதற்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் டிக்கும் உங்கள் நிரலும் ஒரே இடத்தில் இருக்கவில்லை. 'இவர் இந்தப் பாடத்தை முடித்தார்' என்று தளத்தின் சர்வரில் உங்கள் கணக்கில் ஏறும் ஒரு சின்னப் பதிவுதான் டிக். எந்த ஊரில், எந்தக் கம்ப்யூட்டரில் லாகின் செய்தாலும் அது கூடவே வரும். பாதியில் நிற்கும் நிரலைப் பல தளங்கள் சர்வருக்கு அனுப்புவதே இல்லை. நீங்கள் தட்டச்சு செய்யும் பிரவுசருக்குள்ளேயே, லோக்கல் ஸ்டோரேஜ் என்ற இடத்தில் வைத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு தளத்துக்கும் பொதுவாக 5 எம்பி அளவுக்கு அங்கே இடம் உண்டு. வெறும் எழுத்துக்கு அது தாராளம். நெட் துண்டித்தாலும் அங்கே எழுதலாம், சர்வருக்குச் சுமையும் இல்லை என்பதால்தான் இந்த ஏற்பாடு. நீங்கள் டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் வேலை செய்பவராக இருந்தால் சட்டென்று பிடிபடும்: டிக் என்பது கண்ட்ரோல் ஏ அழுத்தி ஏற்றிய வவுச்சர், உங்கள் டிரிப் கணக்கோ, திரையில் பாதி நிரப்பி நின்ற என்ட்ரி.

லோக்கல் ஸ்டோரேஜில் இருப்பது அந்த ஒரு பிரவுசருக்கு மட்டுமே தெரியும். குரோமில் எழுதியது, அதே லேப்டாப்பில் ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தால் வராது. குரோமிலேயே தம்பியின் புரொஃபைல் வேறு, உங்கள் புரொஃபைல் வேறு. இன்காக்னிட்டோவில் எழுதினால், திறந்திருக்கும் இன்காக்னிட்டோ ஜன்னல்களை எல்லாம் மூடியதும் போய்விடும். ஐபோன், மேக் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: விளம்பரக் கம்பெனிகள் நம்மைப் பின்தொடர்வதைத் தடுப்பதற்காக 2020 மார்ச்சில் ஆப்பிள் ஒரு மாற்றம் கொண்டுவந்தது. சஃபாரியைப் பயன்படுத்தும் நாட்களில் ஏழு நாள் ஒரு தளத்தின் பக்கமே போகாமல் இருந்தால், அந்தத் தளம் இப்படி எழுதிவைத்ததை சஃபாரி தானாகவே நீக்கிவிடும். பண்டிகைக்கு ஊருக்குப் போய், பாடத்தை மட்டும் தொடாமல் இருந்துவிட்டு வருகிறவருக்கு யாரும் கிளீன் செய்யாமலே உங்கள் கதி வரலாம்.

உங்கள் விஷயத்தில் என்ன நடந்தது என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 'மறுபடி லாகின் செய்து' என்று எழுதியிருக்கிறீர்கள். குரோமில் பிரவுசிங் டேட்டாவை அழிக்கும் ஜன்னலைத் திறந்தால் மூன்று டிக் பெட்டிகள் இருக்கும். ஒன்று, நாம் பார்த்த பக்கங்களின் ஹிஸ்டரி. இரண்டாவது, குக்கீகளும் தளங்களின் மற்ற டேட்டாவும். மூன்றாவது, கேஷில் இருக்கும் படங்களும் ஃபைல்களும். இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் மூன்றாவதுதான். அதை அழித்தால் ஒரு நஷ்டமும் இல்லை, தேவைப்படும்போது பிரவுசர் மறுபடி இறக்கிக்கொள்ளும். இரண்டாவதை அழித்தால்தான் பெரும்பாலான தளங்களிலிருந்து லாகின் போகும், லோக்கல் ஸ்டோரேஜும் சேர்ந்து போகும். தம்பி கையால் டிக் செய்தாரோ, ஏதாவது கிளீனர் ஆப் அவருக்காகச் செய்ததோ, அந்த இரண்டாவது பெட்டிதான் உங்கள் மூன்று வாரத்தை எடுத்துக்கொண்டது. இனி அவர் கிளீன் செய்யும்போது மூன்றாவதை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

மீட்க முடியுமா என்றால், அந்த லேப்டாப்பிலிருந்து நடைமுறையில் முடியாது. அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகும் ஃபைல் அல்ல. பிரவுசர் தன் உள்கணக்கிலிருந்து அடித்துவிட்ட வரிகள். டேட்டா ரெக்கவரி செய்துதருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆனால் வேறு இடங்களில் தேடிப் பார்க்கக் காரணம் இருக்கிறது. ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் தொடர்ந்தேன் என்கிறீர்கள். அங்கே இதே பயிற்சிப் பக்கத்தைத் திறந்து ஏதாவது தட்டியிருந்தால், அந்த பிரவுசர் தன்னளவில் ஒரு பிரதியை வைத்திருக்கக்கூடும். கடைசி நாள் எழுதியது இல்லாவிட்டாலும் பழையது இருக்கலாம். அதே விண்டோஸ் லாகினில், அதே பிரவுசரில் திறங்கள். ரீசெட் என்ற பட்டன் பக்கம் கையே போகவேண்டாம். 'ரன்' கூடக் கொடுக்காமல், பெட்டிக்குள் கிளிக் செய்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, நோட்பேடில் போட்டுச் சேமித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. போனிலும் அதே பக்கம் ஏதாவது டேபில் இருக்கிறதா பாருங்கள். தோழியிடம் சந்தேகம் கேட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிய துண்டுகள், எடுத்துவைத்த ஸ்கிரீன்ஷாட் எல்லாம் தேடுங்கள். இவற்றிலிருந்து பாதி கிடைத்தாலே பெரிய விஷயம்.

எதுவுமே கிடைக்காவிட்டால், அந்த ஒரு பக்கத்தை மட்டும் திரும்ப எழுதுங்கள். டிக் விழுந்த பாடங்களை மறுபடி முதலிலிருந்து செய்யவேண்டிய அவசியமே இல்லை. எந்தக் கட்டத்தில் எது வரவேண்டும், எதிலிருந்து எதைக் கழிக்கவேண்டும் என்று நீங்கள் மூன்று வாரம் யோசித்தது பிரவுசரில் இருக்கவில்லை, உங்களிடம்தான் இருக்கிறது. தட்டச்சு செய்யும் நேரம் அதில் சிறு பங்குதான். மூன்று வாரம் ஆனது சில ராத்திரிகளில் முடிந்துவிடும் என்று எதிர்பார்க்கலாம்.

இனி எங்கே சேமிப்பது என்ற கேள்வி. தளத்துக்குத் தளம் வழக்கம் மாறும். 2014-ல் குயின்சி லார்சன் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப் என்ற இலவசக் கோடிங் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சாதாரணப் பயிற்சிகளில் சேமித்தால், பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் சேமித்தாயிற்று என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வரும். சான்றிதழுக்கான சில புராஜெக்ட்டுகளில், லாகின் செய்திருந்தால், டேட்டாபேஸில் சேமித்தாயிற்று, திரும்பி வரும்போது இங்கேயே இருக்கும் என்று வரும். இரண்டும் திரையில் சில வினாடி வந்துபோகும் ஒரு வரி அறிவிப்புகள். அவசரத்தில் பார்த்தால் 'சேமித்தாயிற்று' என்பது மட்டும்தான் கண்ணில் படும். எங்கே சேமித்தது என்ற மீதியை நிறுத்திப் படியுங்கள். பிரவுசரிலேயே நிரல் எழுதிப் பார்க்கும் கோட்பென் தளத்தில் முதல் தடவை நாமே சேவ் கொடுக்கவேண்டும். தானாகச் சேமிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். பைத்தான் மொழி படிப்பவர்கள் கூகுள் கோலாப் என்ற தளத்தில் எழுதும் நோட்புக் (நிரல் எழுதும் ஃபைல்) கூகுள் டிரைவில் பத்திரமாக இருக்கும். ஆனால் பக்கவாட்டுப் பலகை வழியாக அங்கே ஏற்றிய ஃபைல்கள் கூகுள் தற்காலிகமாகக் கொடுத்த கம்ப்யூட்டரில் இருப்பவை. இலவசக் கணக்கில் அது அதிகபட்சம் 12 மணி நேரம் ஓடும். சும்மா விட்டால் அதற்கு முன்பே எடுத்துக்கொள்வார்கள். அதோடு அந்த ஃபைல்களும், ஓட்டி வைத்திருந்த கணக்குகளும் போய்விடும்.

இத்தனை விதிகளை மனப்பாடம் செய்யச் சொல்லமாட்டேன். தளங்கள் அவற்றை மாற்றிக்கொண்டும் இருக்கும். என் வழி ஒன்றுதான்: மூலப்பிரதி எப்போதும் உங்கள் சொந்த ஃபோல்டரில் இருக்கட்டும். தளத்தின் பெட்டி, எழுதியது சரியா என்று பார்க்கும் இடம் மட்டும். ஃபைலில் எழுதுங்கள், அங்கிருந்து காப்பி செய்து பெட்டியில் ஒட்டுங்கள், டெஸ்ட் ஓட்டுங்கள். பெட்டிக்குள் ஏதாவது திருத்தினால் அந்தத் திருத்தத்தை உடனே ஃபைலுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும், பிறகு கை தானாகப் போகும். இரண்டு வரிப் பயிற்சிகளுக்கெல்லாம் இது வேண்டாம். ஒரே உட்காரலில் முடியாத எதற்கும் வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துவைக்கப் பார்த்தால், சேர்ப்பதே ஒரு வேலையாகிப் படிப்பு நின்றுவிடும்.

ஃபோல்டரை டெஸ்க்டாப்பிலோ டவுன்லோட்ஸிலோ வைக்காதீர்கள். கிளீன் செய்கிறவர்கள் முதலில் கைவைக்கும் இடங்கள் அவை. டாக்குமெண்ட்ஸுக்குள் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் டிரிப் கணக்குக்கு ஒன்று. அதில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் என்று மூன்று ஃபைல்கள். எச்டிஎம்எல் ஃபைலை டபுள் கிளிக் செய்தால் பிரவுசரில் திறக்கும். திருத்திச் சேமித்துவிட்டு எஃப்5 அழுத்தினால் மாற்றம் தெரியும். இதற்கு நெட்டே வேண்டாம் என்பது பெரிய லாபம். கரண்ட் போய் மோடம் அணைந்தாலும், லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும்வரை உங்கள் வேலை நிற்காது.

எழுதுவதற்கு விஎஸ் கோட் போடுங்கள். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தருவது. அதில் ஒன்றைக் கவனியுங்கள்: மேலே ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் மூடுவதற்கான பெருக்கல் குறி இருக்கும். ஓர் எழுத்து மாற்றினாலும் அந்தக் குறி ஒரு வட்டப் புள்ளியாக மாறிவிடும். புள்ளி நிற்கிறது என்றால் இன்னும் சேமிக்கவில்லை என்று அர்த்தம். கண்ட்ரோல் எஸ் அழுத்தினால் மறுபடி பெருக்கல் குறி வரும். ஃபைல் மெனுவில் ஆட்டோ சேவ் என்று ஒன்று இருக்கிறது, அதை ஒரு முறை டிக் செய்துவிட்டால் இந்தக் கவலையும் இல்லை. இன்னொரு வசதி பலருக்குத் தெரியாது. இடப்பக்கம் ஃபைல்களின் பட்டியலுக்குக் கீழே டைம்லைன் என்று ஒரு பகுதி மடங்கிக் கிடக்கும். 2022 மார்ச்சிலிருந்து, நீங்கள் சேமிக்கும் நிலைகளை விஎஸ் கோட் அங்கே வரிசையாக வைத்துக்கொள்கிறது. நேற்று நன்றாக ஓடியது, இன்று எதையோ தொட்டுக் கெட்டுவிட்டது என்றால், நேற்றைய வரியைக் கிளிக் செய்து எது மாறியது என்று பக்கத்தில் பக்கமாகப் பார்க்கலாம், பழையதைத் திரும்பக் கொண்டும் வரலாம். உங்களைப் போலத் தனியாகப் படிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை. விஎஸ் கோட் தாங்காத பழைய லேப்டாப் என்றால் நோட்பேடே போதும். ஆனால் சேமிக்கும்போது கீழே வகையில் 'எல்லா ஃபைல்களும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் பெயரின் வாலில் டாட் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும், பிரவுசரில் பக்கம் திறக்காது.

பாதியில் நிற்கும் வேலைக்கு, நிரலைச் சேமிப்பது மட்டும் போதாது. இதை யாரும் சொல்லித்தருவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. செவ்வாய் ராத்திரி மூடிவைத்ததை வெள்ளி ராத்திரி திறந்தால், நிரல் இருக்கும், நாம் என்ன நினைத்துக்கொண்டிருந்தோம் என்பது இருக்காது. முதல் அரைமணி நேரம் அதைத் தேடுவதிலேயே போகும். உங்களுக்குக் கிடைப்பதே ராத்திரி ஒரு மணி நேரம். அதனால் மூடுவதற்கு முன், நிறுத்திய அதே வரியில் ஒரு குறிப்பு எழுதுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் இரண்டு சாய்கோடு போட்டு எழுதினால் அதைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. தமிழிலேயே எழுதலாம், ஒரு சிக்கலும் வராது. எது ஓடுகிறது, எது ஓடவில்லை, அடுத்து எதை முயல நினைத்தேன் என்ற மூன்றும் இருக்கட்டும்.

உங்கள் பக்கத்திலேயே ஒரு உதாரணம் சொல்கிறேன். டீசல் 18000, டோல் 2400 என்று கொடுத்துக் கூட்டினால் 20400 வரவேண்டும். நீங்கள் ஏற்கெனவே இதில் மாட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். புதிதாக எழுதுகிற பெரும்பாலானவர்களுக்கு 180002400 என்றுதான் வரும். கட்டத்தில் நாம் தட்டியதை ஜாவாஸ்கிரிப்ட் எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. எழுத்தையும் எழுத்தையும் கூட்டச் சொன்னால் ஒட்டிவைத்துவிடும். எண்ணாக மாற்றிவிட்டுக் கூட்டவேண்டும். இந்த இடத்தில் தூக்கம் வந்து மூடுகிறீர்கள் என்றால், 'கூட்டல் தப்பு' என்று மட்டும் எழுதிவைத்தால் வெள்ளிக்கிழமை அது உங்களுக்கே புரியாது. 'கழித்தல் சரியாக வருகிறது. டீசலும் டோலும் கூட்டினால் 20400-க்குப் பதில் 180002400. இரண்டும் எழுத்தாக இருக்கிறதோ என்று சந்தேகம். நாளை எண்ணாக மாற்றிப் பார்க்கவேண்டும்' என்று எழுதிவைத்தால், திறந்த ஐந்தாவது நிமிடத்தில் வேலை நடக்கும். கழித்தல் சரியாக வருவதே ஒரு தடயம். கழிக்கும்போது மொழி தானாகவே எண்ணாக மாற்றிக்கொள்கிறது, கூட்டும்போது மாற்றுவதில்லை. இப்படிக் குறித்துவைக்கும் பழக்கம் இருந்தால்தான் இந்த மாதிரித் தடயங்களும் கண்ணில் படும்.

பாதி எழுதிய வரி மொத்தப் பக்கத்தையும் ஓடாமல் செய்கிறதென்றால், அதை அழிக்காதீர்கள். அந்த வரிகளுக்கு முன்னும் சாய்கோடுகள் போட்டுத் தூங்கவையுங்கள். விஎஸ் கோட்டில் அந்த வரிகளைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோலோடு சாய்கோடு விசையை அழுத்தினால் ஒரே தட்டில் ஆகிவிடும். பக்கம் ஓடும் நிலையில் நிறுத்துவது, மறுநாள் உட்காரும்போது மனதுக்குப் பெரிய தெம்பு.

அடுத்து, இரண்டாவது பிரதி. லேப்டாப் உங்களுடையது அல்ல என்பதால் இது கட்டாயம். டிஸ்க் போகலாம், தம்பி வெளியூர் வேலைக்கு எடுத்துக்கொண்டு போகலாம். வாரத்துக்கு ஒரு முறை அந்த ஃபோல்டரை ஜிப் செய்து கூகுள் டிரைவில் போடுங்கள். இலவசமாக 15 ஜிபி தருகிறார்கள். நீங்கள் இதுவரை எழுதிய எல்லாம் சேர்ந்தாலும் போனில் எடுக்கும் ஒரு போட்டோ அளவுக்கு வராது. ஜிப்பின் பெயரில் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தேதி போடுங்கள், தானாக வரிசையாக நிற்கும். 'ஃபைனல்', 'புது ஃபைனல்', 'கடைசி ஃபைனல்' என்று பெயர் வைத்தால் ஒரு மாதத்தில் எது எதென்று தெரியாமல் போகும்.

பஸ்ஸில் போனில் படிக்கிறீர்கள். அங்கே பாடத்தைப் படியுங்கள், வீடியோ பாருங்கள். நீளமாக நிரல் எழுதவேண்டாம். ஒரு போன் கால் வந்து பேசிவிட்டுத் திரும்பினால், மெமரி போதாமல் போன் அந்த டேபை மறுபடி லோடு செய்துவிடலாம், தட்டியது போய்விடலாம். ஏதாவது தோன்றினால் நோட்ஸ் ஆப்பில் குறித்துக்கொண்டு வீட்டில் எழுதுங்கள். நிரலை வாட்ஸ்அப் மெசேஜாக அனுப்பும்போது ஜாக்கிரதை: இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே இருப்பதை அது தடித்த எழுத்தாக்கிக் குறிகளை மறைத்துவிடும். உங்கள் நிரலில் நட்சத்திரம் என்றால் பெருக்கல்! வேர்டில் ஒட்டினால் நேரான மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாகிவிடலாம். அதைத் திரும்ப ஒட்டினால் நிரல் ஓடாது, ஏன் என்று பார்த்தால் கண்ணுக்கும் தெரியாது. ஃபைலாகவே அனுப்புங்கள்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் எதையும் விட்டுவைக்காதீர்கள். பிரவுசரின் கெஸ்ட் ஜன்னலில் லாகின் செய்வது நல்லது, மூடியதும் உங்கள் கணக்கு அங்கே தங்காது. அதே காரணத்தால் எழுதியதும் தங்காது. எழுந்திருக்கும் முன் காப்பி செய்து டிரைவிலோ உங்கள் மெயிலிலோ போட்டுவிடுங்கள். ஒரு தளத்தில் ஒரே மெயில் முகவரியில்தான் நுழையவேண்டும். வீட்டில் கூகுள் கணக்கு வழியாகவும் ஆபீஸில் வேறொரு மெயில் வழியாகவும் நுழைந்து, தெரியாமலே இரண்டு கணக்கு வைத்துக்கொண்டு 'என் டிக்கெல்லாம் காணோம்' என்று தவித்தவர்கள் உண்டு. தம்பியின் லேப்டாப்பில் விண்டோஸில் உங்களுக்கென்று தனி யூசர் போட்டுக்கொள்ளுங்கள். அவர் தன் பக்கம் பிரவுசரைத் துடைத்தாலும் உங்கள் பக்கம் தொடாது.

தோழி சொன்னது தப்பில்லை, வரிசைதான் எனக்குச் சம்மதமில்லை. கிட் என்பது லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல், உலகமெங்கும் இருந்து லினக்ஸுக்கு நிரல் எழுதுகிறவர்களின் மாற்றங்களைக் கோத்துச் சேர்ப்பதற்காக எழுதிய கருவி. அவ்வளவு பெரிய வேலைக்குச் செய்தது என்பதால், ஆரம்பத்தில் அதன் சொற்களே மிரட்டும். ஜாவாஸ்கிரிப்ட் பாதியில் நிற்கும்போது அதை நிறுத்திவிட்டு இதற்குள் போனால் இரண்டும் நின்றுவிட வாய்ப்பு அதிகம். டிரிப் கணக்குப் பக்கத்தை முதலில் திரும்ப எழுதி முடியுங்கள். முடித்ததும், அந்த ஃபோல்டரை வைத்தே கிட் கற்றுக்கொள்ளுங்கள். சொந்த நிரல் கையில் இருக்கும்போது அது ஏன் தேவை என்பது தனியே விளக்காமலே புரியும். வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் கிட் கட்டாயம் தெரிந்திருக்கவேண்டும் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

அப்போது இரண்டு இடங்களில் தடுக்கிவிழ வாய்ப்பு இருக்கிறது. கமிட் (கிட்டில் அப்போதைய நிலையைப் பதிந்துவைப்பது) கொடுத்தால் நெட்டில் ஏறிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கமிட் உங்கள் லேப்டாப்பிலேயே, அந்த ஃபோல்டருக்குள்தான் பதிகிறது. புஷ் கொடுத்தால்தான், அந்தப் பதிவுகளை நெட்டில் வைத்துக்கொள்ளும் கிட்ஹப் என்ற தளத்துக்குப் போகும். கமிட் மட்டும் செய்துகொண்டே வந்து லேப்டாப் போனால், எல்லாம் போனதுதான். அடுத்தது, பழைய யூடியூப் பாடங்களைப் பார்த்து புஷ் செய்யும்போது அது பாஸ்வேர்ட் கேட்கும், சரியாகக் கொடுத்தாலும் ஏற்காது. 2021 ஆகஸ்ட் 13 முதல் இந்த வேலைக்கு கிட்ஹப் பாஸ்வேர்டை ஏற்பதில்லை. விஎஸ் கோட் வழியாக கிட்ஹப்பில் சைன் இன் செய்துவிட்டால் இந்தத் தொல்லை வராது. பாதி வேலையைக் கமிட் செய்யலாமா என்று கூச்சப்படாதீர்கள். 'பேட்டா கழிக்கும் இடம் பாதி, கூட்டல் சரி' என்று செய்தி எழுதித் தாராளமாகச் செய்யுங்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். உங்கள் பக்கத்தைச் சோதிக்க ஆபீஸின் உண்மையான டிரிப் ஷீட்டை எடுத்துப் போட ஆசை வரும். லாரி எண், டிரைவரின் போன் நம்பர், பார்ட்டியின் பெயர், வாடகைத் தொகை எல்லாம் அதில் இருக்கும். கிட்ஹப்பில் ரெப்போவை (அங்கே ஏறிய உங்கள் ஃபோல்டரை) பப்ளிக் என்று வைத்தால் உலகத்தில் யாரும் பார்க்கலாம். பிறகு அழித்தாலும் பழைய கமிட்டுகளில் அது இருந்துகொண்டே இருக்கும். ரெப்போவை பிரைவேட்டாக வைக்க 2019 முதல் இலவசக் கணக்கிலேயே முடியும், அப்படியே ஆரம்பியுங்கள். பிரைவேட் என்றாலும் ஆபீஸ் ஷீட் வேண்டாம். இல்லாத லாரி எண்களும் கற்பனைத் தொகைகளும் போட்டுப் பத்து வரியில் ஒரு மாதிரி ஷீட் நீங்களே தயார் செய்துகொள்ளுங்கள். அட்வான்ஸே கொடுக்காத டிரிப் ஒன்று, வாடகையைவிடச் செலவு கூடிய டிரிப் ஒன்று, டோல் கட்டம் காலியாக விட்ட டிரிப் ஒன்று என்று அதில் சேருங்கள். உண்மையான ஷீட்டைவிட இதில்தான் உங்கள் பக்கத்தின் தப்புகள் சீக்கிரம் வெளியே வரும்.